ஏழு செங்கல் உயரம்

மஸ்கட்
11 ஜூலை 1999

மதிப்பிற்குரிய பிரியம்வதா டீச்சர் அவர்களுக்கு,

என் பெயர் வெங்கடேஷ்பாபு. விளாங்குடியிலிருந்து உங்கள் வகுப்புக்கு வரும் ரம்யாஸ்ரீ என் மகள். வயது மூன்றேகால். அவளைக் கூட்டிக்கொண்டு வரும் ஸ்ரீலட்சுமி என் மனைவி. நான் இங்கே ஒரு கட்டடக் கம்பெனியில் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக இருக்கிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை என் அண்ணன் ஸ்ரீனிவாஸ் போன் செய்தார். ஊரிலிருந்து போன் என்றாலே எங்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஓடிப்போய் எடுத்தால் அவர் சொன்னது இதுதான்: "ஏண்டா, ஒம் பொண்டாட்டி பரவையில வெங்காயக் குடோனுக்குள்ள குட்டிக்கரணம் போட்டாளாம்டா. மகால் பக்கம் பூரா இதே பேச்சு." எங்கள் சௌராஷ்டிர பாஷையில் சொன்னதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். எங்கள் பாஷையில் இது இன்னும் மோசமாக இருக்கும்.

குழந்தைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் கற்றுத்தருகிறேன் என்று சொல்லித் தாய்மார்களை உருளவிடுவது எந்த ஊர் நியாயம்? அது போகட்டும். ஒரு மாதமாகக் குழந்தைக்கு விழுவதற்கு மட்டும்தான் பழக்குகிறீர்களாம். அதற்கு ஒரு டீச்சரும் ஒரு வகுப்பும் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

ரம்யாஸ்ரீ ஏற்கெனவே ஒரு முறை அடிபட்ட குழந்தை. இனி அவளை அனுப்ப வேண்டாம் என்று வீட்டுக்கும் எழுதிவிட்டேன். தயவுசெய்து நீங்களும் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
ஆர். வெங்கடேஷ்பாபு


பரவை
29 ஜூலை 1999

அன்புள்ள வெங்கடேஷ்பாபு சார்,

உங்கள் கடிதத்தை ஸ்ரீலட்சுமியிடம் காட்டினேன். அவர் படித்து முடித்து, மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, குழந்தையை மெத்தையில் இறக்கிவிட்டு வழக்கம்போல ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். ஆகவே வகுப்பு நடக்கிறது.

கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள், பரவாயில்லை. வெங்காயக் குடோன் என்பது உண்மை. வெள்ளையடித்து மூன்று வருடமாகியும் மழை பெய்தால் வாசம் வரும். பெற்றோர் உருள வேண்டும் என்பதும் உண்மை. என் வகுப்பில் இருக்கும் ஒரே சட்டம் அதுதான். முதல் நாள் பெரியவர்கள் உருண்டு காட்டிய பிறகுதான் பிள்ளை மெத்தையில் கால் வைக்கலாம். இரண்டு மூன்று வயதுப் பிள்ளை மெத்தையைப் பார்ப்பதில்லை சார், அம்மா முகத்தைத்தான் பார்க்கும். அம்மா உருண்டு எழுந்து சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. டாக்டர் உருண்டிருக்கிறார், பாங்க் மேனேஜர் உருண்டிருக்கிறார், வேட்டி கட்டிக்கொண்டு ஒரு கவுன்சிலரும் உருண்டிருக்கிறார். உங்கள் மனைவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரே முயற்சியில் எழுந்து உட்கார்ந்தார். தலையில் வைத்த பூகூடக் கலையவில்லை. நீங்கள் பெருமைப்பட வேண்டிய விஷயம் அது.

விழப் பழக்குவதைக் கேட்டீர்கள். நான் பதினாறு வயது வரை மாநிலப் போட்டிகளில் ஆடினேன். எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள், விழுவதைத் தவிர. ஒரு நாள் விழுந்தேன், முழங்கால் போயிற்று, அதோடு ஆட்டமும் போயிற்று. அதனால் என்னிடம் வரும் பிள்ளை அதைத்தான் முதலில் கற்றுக்கொள்ளும்.

ஆனால் உங்கள் மகளுக்கு அதைக்கூட நான் இன்னும் தொடங்க முடியவில்லை. இரண்டு காலையும் சேர்த்துத் தரையிலிருந்து எடுக்கவே மாட்டேன் என்கிறாள். ஒரு சின்னக் குதி கூட இல்லை. அவளை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
பிரியம்வதா

பி.கு: அப்பாக்களுக்கும் அதே சட்டம்தான். நீங்கள் இன்னும் உருளவில்லை.


மஸ்கட்
21 ஆகஸ்ட் 1999

டீச்சர் அவர்களுக்கு,

வாதாட எனக்கு நேரமில்லை. ஸ்ரீலட்சுமியும் போனில் பிடிகொடுத்துப் பேச மாட்டேன் என்கிறாள். நடத்துங்கள்.

ஆனால் ஒன்று. என் அறையில் இருக்கும் மலைச்சாமி, உசிலம்பட்டிக்காரன், லீவில் வருகிறான். அவனிடம் ஒரு சேஃப்டி பெல்ட் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கம்பத்தில் ஏறும் எங்கள் ஆட்கள் கட்டுவது. இது இல்லாமல் நான் யாரையும் ஏறவிடுவதில்லை. இதை என் மகள் இடுப்பில் கட்டி, மறுமுனையை மேலே விட்டத்தில் மாட்டிவிட்டு, அதன் பிறகு எதை வேண்டுமானாலும் பழக்குங்கள்.

ஆர். வெங்கடேஷ்பாபு


பரவை
3 அக்டோபர் 1999

அன்புள்ள வெங்கடேஷ்பாபு சார்,

பெல்ட் வந்து சேர்ந்தது. ரம்யாஸ்ரீ இடுப்பில் அதை மூன்று சுற்றுச் சுற்றலாம். தூக்கிப் பார்த்தேன், அவளில் கால்வாசி எடை இருக்கும். ஆனாலும் வீணாகவில்லை. வகுப்பு முடிந்ததும் மெத்தைகளைச் சுருட்டிக் கட்ட இவ்வளவு நல்ல பெல்ட் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. மலைச்சாமி ஒரு மணி நேரம் நின்று வேடிக்கை பார்த்தார். பிறகு, "அண்ணனுக்குப் பதிலா நான் ஒண்ணு போட்டுக்கிறேன் டீச்சர்" என்று சட்டையைக் கழற்றிவிட்டு உருண்டே விட்டார். அது உங்களுக்குச் செல்லாது என்று சொல்லி அனுப்பினேன்.

இப்போது விளையாட்டை விட்டுவிட்டு ஒன்று கேட்கிறேன்.

உங்கள் மகளைத் தூக்கப் போனால் அவள் அழுவதில்லை. என் இரண்டு கையையும் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்கிறாள். பிறகு தன் கவுனால் அழுத்தித் துடைக்கிறாள். மூன்று தடவை, நான்கு தடவை. துடைத்துவிட்டு மறுபடி பார்க்கிறாள். கடைசியில் "வேணாம் டீச்சர்" என்று பின்னால் போய்விடுகிறாள். நான் மட்டுமல்ல, யார் தூக்கப் போனாலும் இப்படித்தான். பதினோரு வருடமாகக் குழந்தைகளோடு இருக்கிறேன், இப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை.

ஸ்ரீலட்சுமியிடம் கேட்டேன். குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையில் வழுக்கி விழுந்த பிள்ளை தரையைப் பார்த்துப் பயப்படும். இவள் ஏன் கைகளைத் துடைக்கிறாள்?

தெரிந்தால் எழுதுங்கள். இதில் நான் தடுமாறி நிற்கிறேன், அதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

பிரியம்வதா


மஸ்கட்
8 நவம்பர் 1999

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். நேற்று தீபாவளி. காலையில் மலைச்சாமி ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய் கொண்டுவந்து, "நல்ல நாளும் அதுவுமா தலைக்கு வைங்கண்ணே" என்று நீட்டினான். கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். அவன் குனிந்து தரையைத் துடைத்தான். இனிமேலும் மறைப்பதில் அர்த்தமில்லை.

போன தீபாவளிக்கு நான் லீவில் இருந்தேன். மகால் பக்கம் அண்ணன் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். எனக்கு எண்ணெய் வைத்தார்கள், ரம்யாஸ்ரீக்கும் தலையிலிருந்து கால் வரை வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்க்கிற குழந்தை. பின்கட்டில் அவளை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தேன். சிரித்தாள். இன்னொரு தடவை என்றாள். போட்டேன். இன்னொரு தடவை என்றாள்.

மூன்றாவது தடவை என் கையில் பட்டாள், டீச்சர். பட்டு, வழுக்கி, துவைக்கிற கல்லில் விழுந்தாள்.

அப்போது அங்கே ஸ்ரீலட்சுமி மட்டும்தான் இருந்தாள், வெந்நீர் அண்டா பக்கத்தில். மற்றவர்கள் ஓடிவருவதற்குள் அவளே, "வழுக்கி விழுந்துட்டா, வழுக்கி விழுந்துட்டா" என்று கத்தினாள். எனக்காக அந்தப் பொய்யைச் சொன்னாள். இன்றுவரை அதைக் காப்பாற்றுகிறாள். என்னிடம்கூட ஒரு வார்த்தை கேட்டதில்லை.

லீவு முடிய இன்னும் எட்டு நாள் இருந்தது. கட்டுப்போட்ட தோளோடு குழந்தை என் பக்கமே வரவில்லை. கிளம்பும்போது கையை நீட்டினேன். என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு அம்மா தோளில் முகத்தை மறைத்துக்கொண்டாள். போனில் நன்றாகப் பேசுகிறாள். எப்ப வாரீங்க என்று கேட்கிறாள். ஏப்ரலில் வருகிறேன். வந்து நின்றால் என்ன செய்வாளோ என்பதுதான் எப்போதும் என் நினைப்பு. அவள் மறுபடி என் கைக்கு வர வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

உங்களிடம் கத்தியதற்கெல்லாம் மன்னித்துக்கொள்ளுங்கள்.

வெங்கடேஷ்பாபு


பரவை
1 டிசம்பர் 1999

அன்புள்ள வெங்கடேஷ்பாபு சார்,

நீங்கள் எழுதியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சமாதானம் சொல்லவும் போவதில்லை. எண்ணெய்க் கையோடு எண்ணெய்க் குழந்தையைத் தூக்கிப் போட்டது மடத்தனம்தான். ஆனால் அதை எழுதி அனுப்ப ஒரு தைரியம் வேண்டும். அந்தத் தைரியத்துக்கு நான் மரியாதை வைக்கிறேன்.

உங்கள் கடிதத்தால் எனக்கு வழி கிடைத்தது. எங்களிடம் ஒரு டப்பாவில் வெள்ளைப் பொடி உண்டு. கம்பியைப் பிடிக்குமுன் வேர்வை வழுக்காமல் இருக்கக் கையில் பூசிக்கொள்வது. அந்த டப்பாவை ரம்யாஸ்ரீ பொறுப்பில் கொடுத்துவிட்டேன். இப்போது வகுப்பில் உள்ள அத்தனை பேர் கையையும் அவள்தான் பார்க்கிறாள். துடைக்கிறாள், பொடி பூசுகிறாள், ஊதிவிடுகிறாள். திருப்தியில்லை என்றால் "போய்க் கழுவிட்டு வா" என்று திருப்பி அனுப்புகிறாள். ஆறு வயதுப் பையன்கள் அவள் முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். நானும் நிற்கிறேன். இரண்டு முறை என்னையும் குழாயடிக்கு விரட்டியிருக்கிறாள்.

நேற்று வகுப்பு முடியும் நேரத்தில், யாரும் சொல்லாமல், மூலையில் கிடந்த ஒரு செங்கல் மேல் ஏறினாள். கொஞ்ச நேரம் நின்றாள். இரண்டு காலையும் சேர்த்து மெத்தையில் குதித்தாள். மூன்று அங்குலம் சார். கம்பியில் சுழல்கிற பிள்ளைகளை உருவாக்கியிருக்கிறேன், அதற்கெல்லாம் அழாதவள் நேற்று அழுதேன். ஸ்ரீலட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நீங்கள் வருவதற்குள் அங்கேயே குட்டிக்கரணம் பழகிக்கொள்ளுங்கள். முகவாய் நெஞ்சில் ஒட்டியிருக்க வேண்டும். மறந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

அன்புடன்,
பிரியம்வதா


மஸ்கட்
16 ஜனவரி 2000

அன்புள்ள டீச்சர்,

கழுத்து பிடித்துக்கொண்டது. மூன்று நாள் வலப்பக்கம் திரும்ப முடியவில்லை. அறையில் இரண்டு மெத்தையைத் தரையில் போட்டு வெள்ளிக்கிழமைதோறும் பழகுகிறேன். நாலு பேர் கட்டிலில் உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். மலைச்சாமிதான் வாத்தியார். "முகவாய உள்ள வைங்கண்ணே, டீச்சர் அம்புட்டுத் தூரம் எழுதியிருக்காங்கள்ல!" என்று அவன் போடுகிற சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் வந்துவிடுகிறார்கள். தீபாவளியன்று நான் கிண்ணத்தைத் தட்டிவிட்டதை அவன் இன்றுவரை சொல்லிக் காட்டவில்லை.

ரம்யாஸ்ரீ நாலு செங்கலுக்கு வந்துவிட்டாள் என்று ஸ்ரீலட்சுமி போனில் சொன்னாள். இங்கே செங்கல் கிடைக்காது, எல்லாம் சிமெண்ட் பிளாக். அதனால் மூன்று அங்குலத்துக்கு மரத்துண்டுகளை வெட்டி நாலு அடுக்கி என் கட்டில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் அதைப் பார்ப்பேன். நமக்கு ஒன்றுமில்லாத உயரம். அவளுக்கு அது முழங்காலுக்கு மேலே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதிதாக வந்த ஒருவன் போன வாரம் ஏணியில் பாதியில் நின்று கை நடுங்கினான். நாற்பது பேரை வைத்து வேலை வாங்குகிறவன் நான், வழக்கமாகக் கத்துவேன். அன்று உங்கள் நினைப்பு வந்தது. அவனை இறக்கி, இரண்டாவது படியிலேயே நாள் முழுக்க வேலை செய்யவிட்டேன். இன்றைக்கு உச்சியில் நின்று கையாட்டுகிறான். உங்களைப் போல ஒரு ஆள் எனக்குச் சின்ன வயதில் கிடைத்திருக்கலாம்.

வெங்கடேஷ்பாபு


பரவை
20 மார்ச் 2000

அன்புள்ள வெங்கடேஷ்பாபு சார்,

புகழ்ச்சிக்கு நன்றி, முகவாயைக் கவனியுங்கள்.

உங்கள் மகள் இப்போது ஏழு செங்கல். ஏறுகிறாள், குதிக்கிறாள், விழுந்தால் உருண்டு எழுந்து இரண்டு கையையும் மேலே தூக்கி நிற்கிறாள். அந்த நிற்பைப் பார்க்க நீங்கள் இவ்வளவு தூரம் வரலாம்.

ஆனால் இதெல்லாம் மெத்தையில் தனியாகக் குதிப்பது. ஒருவர் கையை நம்பிக் குதிப்பது வேறு. அது எங்களிடம் கடைசிப் பாடம். என் கைக்கு ஒரே ஒரு தடவை வந்தாள், போன வியாழக்கிழமை. மறுநாள் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆசையில் கையை நீட்டிவிடாதீர்கள். குடோனுக்கு வாருங்கள். முதலில் உருளுங்கள். பிறகு மற்றவர்களைப் போல வரிசையில் நின்று கையைக் காட்டுங்கள். அவள் சரி என்று சொல்லும்வரை செங்கல் பக்கம் போகக் கூடாது. அவள் சொல்வாள் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். எனக்கே தெரியாது.

பிரியம்வதா


பரவை
9 மே 2000
(ஸ்ரீலட்சுமி வசம்)

சார்,

நாலு நாளாக உங்களைக் காணோம். விளாங்குடியிலிருந்து பரவைக்கு நடந்தே வரலாம், ஆகவே பஸ் கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டாம்.

முதல் நாள் நீங்கள் கோணலாக உருண்டு மெத்தைக்கு வெளியே போய் விழுந்தபோது இந்தக் குடோனே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது யார் என்று பார்த்தீர்கள்தானே? ஓடிவந்து உங்கள் முகவாயைப் பிடித்து உள்ளே அமுக்கியது யார்? அதையெல்லாம் மறந்துவிட்டு, பத்து நாள் வரிசையில் நின்றும் "அப்பா கை இன்னும் வழுக்குது" என்கிறாளே என்று கோபித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டீர்கள். ஏணியில் நடுங்கியவனுக்கு ஒரு நாள் முழுக்கக் கொடுத்தீர்களே, நாலு வயதுப் பிள்ளைக்கு எத்தனை நாள் கொடுப்பீர்கள்?

நேற்று அவள் எல்லார் கைக்கும் பூசி முடித்துவிட்டு டப்பாவை மூடவில்லை. அடியில் கொஞ்சம் பொடி இருந்தது. மூடிவிடட்டுமா என்றேன். "இருக்கட்டும் டீச்சர்" என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று நாலு மணிக்கு வரிசையில் இருங்கள்.

பிரியம்வதா


மஸ்கட்
11 ஜூன் 2000

அன்புள்ள டீச்சர்,

வந்து சேர்ந்து ஒரு வாரமாகிறது. அன்றைக்கு நாலு மணிக்கு வந்து நின்றவன் லீவு முடியும்வரை ஒரு நாள்கூட வரிசையை விடவில்லை, நீங்களே பார்த்தீர்கள். தினமும் என் கையைத் திருப்பினாள், துடைத்தாள், பொடி பூசி ஊதினாள். தினமும் "நாளைக்கு" என்றாள். கடைசி நாளும் "நாளைக்கு" என்றுதான் சொன்னாள். நாளைக்கு அப்பா இருக்க மாட்டேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் பெல்ட்டை எடுத்து மெத்தைகளைக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் கண்ணைப் பார்க்காமல்தான் கிளம்பி வந்தேன்.

மறுநாள் நடந்தது உங்களுக்குத் தெரியாது. ஸ்ரீலட்சுமி சொல்லிவிடட்டுமா என்று கேட்டாள். நான்தான் எழுதுவேன் என்று தடுத்துவிட்டேன்.

சென்னைக்குக் காலை வைகை எக்ஸ்பிரஸ். அண்ணனும் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். அப்பா உட்காரப் போகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ரம்யாஸ்ரீ பிடிவாதம் பிடிக்க, ஸ்ரீலட்சுமி அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே ஏறினாள். நான் பிளாட்பாரத்தில் நின்று அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் தண்ணீர் பாட்டில், ஒரு கையில் வழிக்குக் கட்டிக்கொடுத்த இட்லிப் பொட்டலம். இட்லிப் பொடியில் ஸ்ரீலட்சுமி நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றியிருந்தாள். வாழையிலை கிழிந்து, எண்ணெய் காகிதத்தை நனைத்து என் கையெல்லாம் வடிந்துகொண்டிருந்தது. பாட்டிலை அந்தக் கைக்கு மாற்றி, இந்தக் கைக்கு மாற்றி, இரண்டு கையும் எண்ணெய். துடைக்கக் கைக்குட்டையை எடுக்கலாம் என்று நினைத்தேன்.

அப்போது அண்ணன், "டேய்!" என்றார்.

திரும்பினேன். வண்டி வாசலில் ரம்யாஸ்ரீ நின்றாள். ஸ்ரீலட்சுமி அவளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள், இன்னும் எட்டவில்லை. குழந்தை என் முகத்தைப் பார்த்தாள். கூப்பிடவில்லை, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணவில்லை. இரண்டு காலையும் சேர்த்துக் குதித்துவிட்டாள்.

பாட்டில் ஒரு பக்கம், இட்லி ஒரு பக்கம். பிடித்துவிட்டேன் டீச்சர். அதே எண்ணெய்க் கையால் பிடித்துவிட்டேன். வழுக்கவில்லை. எவ்வளவு இறுக்கிப் பிடித்தேனோ தெரியாது, கொஞ்ச நேரம் கழித்து அவளே, "விடுங்கப்பா, வலிக்குது" என்றாள். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இட்லியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஸ்ரீலட்சுமி வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அந்தத் தீபாவளிக்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ரம்யாஸ்ரீயின் மஞ்சள் கவுனில், முதுகில், என் பத்து விரலும் எண்ணெயாகப் பதிந்திருந்தன. அதை அவள் கவனிக்கவில்லை. இட்லி போய்விட்டதே, அப்பா என்ன சாப்பிடுவார் என்று அவள் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வண்டி திண்டுக்கல் தாண்டும்வரை நான் கையைக் கழுவவில்லை. நீங்கள் ஏழு செங்கல் என்று எழுதியதும் இன்னும் மூன்று சேர்த்து அடுக்கிய அந்த மரத்துண்டுகள் கட்டில் பக்கத்தில் இருக்கின்றன. அளந்து பார்த்தேன், வண்டி வாசல் அதைவிட உயரமாக இருந்திருக்கும். இதற்கெல்லாம் உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் எழுதிக்கொண்டே போகிறேன்.

முதலில் என் கையைக் காட்டச் சொல்வாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் என் கையைப் பார்க்கவே இல்லை, டீச்சர்.

என்றும் நன்றியுள்ள,
வெங்கடேஷ்பாபு